‘கிராக்-அப்’ (1946): பிரதியை எரித்துவிட்டால் களவும் மறைந்துவிடுமா?

சுண்டுக்குளி வாசகர் எழுதியது:

ஓவியப் போலியை மையமாகக் கொண்ட பழைய குற்றப் படங்களுள், எனக்கு மிக நெருக்கமான ஒன்றைப் பற்றி இங்கே விரிவாகப் பேச விரும்புகிறேன். ஆர்.கே.ஓ. நிறுவனம் 1946 ஆம் ஆண்டு வெளியிட்ட ‘கிராக்-அப்’ என்பதே அது. நெறியாளர் இர்விங் ரீஸ். மூலக்கதை ஃபிரெட்ரிக் பிரவுண் எழுதியது. பற் ஓபிரையன், கிளெயர் ட்ரெவர், ஹேர்பேட் மார்ஷல், ரே கொலின்ஸ் ஆகியோர் நடித்திருக்கிறார்கள். முடிவையும் சேர்த்தே பேசப் போகிறேன் என்பதால், படத்தைப் பார்க்க எண்ணியிருப்பவர்கள் பார்த்துவிட்டு வாசிப்பது நல்லது.

ஜோர்ஜ் ஸ்டீல் என்பவர் நியூயோர்க் நகரத்து நூதனசாலை ஒன்றில் பொதுமக்களுக்கு ஓவியங்களைப் பற்றி விரிவுரை செய்பவர். அசல் ஓவியத்தையும் போலியையும் எக்ஸ்றே கொண்டு பிரித்தறியும் முறையைக் காட்டப் போவதாக அவர் அறிவிக்கிறார். நிர்வாகத்துக்கு அது பிடிக்கவில்லை. பின்னர், தாயாருக்குக் கடும் சுகவீனம் என்று ஒரு தொலைபேசி அழைப்பு வருகிறது. புகையிரதத்தில் புறப்படுகிறார். எதிரே வரும் வண்டியின் விளக்கு சன்னல் வழியே பெருகிப் பெருகி வந்து மோதுகிறது. அதன்பின், குடிபோதையில் இருப்பவர் போல, நூதனசாலையின் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்து விழுகிறார். பொலிசார் விசாரித்துப் பார்த்தால், அன்று எந்தப் புகையிரத விபத்தும் நடக்கவில்லை. தாயாரும் நலமாகவே இருக்கிறார். அவர் சொல்வதை இனி எவரும் நம்பப் போவதில்லை.

இதற்குப் பின்னால் இருப்பது ஓவியக் களவு. இங்கிலாந்திலிருந்து இரவலாக வந்த, ஆங்கில ஓவியர் கெயின்ஸ்பறோவின் ஓவியம் ஒன்று, திரும்பிச் செல்லும் வழியில் கடலில் அழிந்துவிட்டது. அவ்வாறு அழிந்தது போலி என்று சொல்லும் சக ஊழியர் கொல்லப்படுகிறார். பழி ஸ்டீலின் மீது விழுகிறது. அடுத்து, ஜேர்மனிய ஓவியர் டியூரரின் ‘அரசர்களின் வணக்கம்’ கப்பலேறப் போகிறது. அந்தக் கப்பலிலும் தீ மூள்கிறது. ஸ்டீல் அதை மீட்டு எக்ஸ்றேக்கு உட்படுத்தச் செய்கிறார், அதுவும் பிரதிதான். இவ்வளவையும் செய்தவர், நூதனசாலைக்கு நெருக்கமானவரும் எல்லோராலும் மதிக்கப்படுபவருமான டொக்டர் லோவெல்.

ஓவியப் போலியைப் பற்றிய கதைகளில் வழமையாக, போலியை அசலென்று நம்பவைத்து விற்பதே குற்றமாக இருக்கும். இந்தப் படத்தில் விற்பனையே இல்லை. பிரதி செய்யப்படுவது எரிக்கப்படுவதற்காகவே. தீயில் அழிந்த பொருளைப் பற்றி எவரும் மேற்கொண்டு கேள்வி கேட்பதில்லை. “எரிந்துவிட்டது” என்ற ஒரு சொல்லோடு பதிவேடு மூடப்படுகிறது. அசல் ஒருவருடைய அறைக்குள் பத்திரமாக இருக்கிறது. குற்றத்தின் உயிர்நிலை வரைந்த கையில் இல்லை, பரிசோதனைக்கு இடமில்லாமற் செய்யும் ஏற்பாட்டில்தான் இருக்கிறது என்பதை இத்தனை தெளிவாகக் காட்டிய வேறொரு படத்தை நான் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் எத்தனையோ பொருள்கள் “எரிந்துவிட்டன”, “இடப்பெயர்வில் தொலைந்துவிட்டன” என்ற சொற்களோடு பேச்சிலிருந்து நீங்கிவிட்டன. அதனால் இந்தப் படத்தை யாழ்ப்பாணத்தில் இருந்து பார்ப்பவருக்கு அது வேறு விதமாகப் படும் என்று நினைக்கிறேன். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.


றீகல் தலைமுறை எழுதியது:

தம்பி, நல்ல படத்தை எடுத்திருக்கிறீர்கள். றீகல் தியேட்டரில் ஆங்கிலப் படங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவன் என்ற முறையில், கதையை விட்டுவிட்டுப் படமாக்கியிருக்கும் விதத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

ரீஸ் சினிமாவுக்கு வருமுன் வானொலியில் இருந்தவர். 1936 இல் கொலம்பியா வானொலி வலையமைப்பில் தொடங்கிய, ஒலிப் பரிசோதனைகளுக்குப் பேர்பெற்ற நாடக நிகழ்ச்சியை உருவாக்கியவர் அவர்தான். அந்தப் பயிற்சியை விபத்துக் காட்சியில் நீங்கள் நன்றாகக் கேட்கலாம். நொறுங்கும் பெட்டிகளோ சிதறும் உடல்களோ பார்வையாளருக்குத் தேவைப்படவில்லை. சில்லுகளின் ஓசையும் ஒரு வெளிச்சமும் ஸ்டீலின் முகமும் போதும். காட்சி இவ்வளவு குறைவாக இருப்பதற்கு ஒரு நியாயமும் உண்டு. அந்த விபத்து ஒரு மனிதனின் தலைக்குள் மட்டுமே நடந்தது என்பது பின்னர் தெரிய வரும்போது, நாம் முன்பு பார்த்ததில் எந்தப் பொய்யும் இருக்கவில்லை என்று உணர்கிறோம். அவருக்குத் தெரிந்தவற்றைத் தவிர வேறெதையும் ஒளிப்படக்கருவி எமக்குக் காட்டவேயில்லை.

படத்தின் உச்சம் கடைசிக் காட்சியில் இல்லை என்பது என் கணிப்பு. ஸ்டீல் அதே பயணத்தை மறுபடியும் மேற்கொள்கிறாரே, அங்கேதான் இருக்கிறது. அதே வெளிச்சம் எதிரே வருகிறது. அவர் உடல் முழுவதும் இறுகுகிறது. வண்டி பக்கத்துத் தண்டவாளத்தில் கடந்து போய்விடுகிறது. அன்று “குடித்திருந்த” ஒருவரை இருவர் தாங்கிப் பிடித்து இறக்கிச் சென்றார்கள் என்ற தகவலும் அந்தப் பயணத்தில்தான் கிடைக்கிறது. தன் நினைவைத் தானே சந்தேகித்து, அதைச் சோதித்துப் பார்ப்பதற்காகப் பயத்தோடு திரும்பவும் அதே இருக்கையில் போய் அமரும் ஒருவரை அந்தக் காலத்துப் படங்களில் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

ஓபிரையனைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாதிரியாராகவும் விளையாட்டுப் பயிற்றுநராகவும் வந்து பழகிய முகம் அது. இத்தகைய இருண்ட படத்துக்கு அவர் பொருந்தவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதற்கு உடன்பட மாட்டேன். பார்வையாளர்களோடு சிரித்துப் பேசி, ஓவியத்தைச் சாதாரண மக்களின் பொருளாக்க முயலும் விரிவுரையாளருக்கு அந்தச் சாதாரணத் தோற்றமே வேண்டும்.


ஏட்டுக்கட்டு எழுதியது:

ஓலைச்சுவடிகளோடு பழகியவன் என்பதால், பிரதி, அசல் என்ற சொற்களைக் கேட்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஓவியம் அல்ல. எங்கள் நூல் மரபில் பிரதி செய்வது குற்றமாக ஒருபோதும் இருந்ததில்லை. பிரதி செய்யாமல் விடுவதே குற்றம். ஓலை நெடுங்காலம் நிலைக்காது. பூச்சி அரிக்கும், ஓரம் உதிரும், எழுத்து மங்கும். எனவே ஒவ்வொரு தலைமுறையும் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதி வைத்தது. சங்க நூல்களில் எதற்கும் அதை இயற்றியவரின் கையெழுத்து எம்மிடம் இல்லை. எம்மிடம் இருப்பவை எல்லாமே பிரதியின் பிரதிகள்.

ஆனால், பிரதியை ஆராயும் முறை இரண்டு துறைகளிலும் வியக்கத்தக்க வகையில் நெருங்கி வருகிறது. சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1868 இல் தொல்காப்பியச் சேனாவரையத்தையும் 1887 இல் கலித்தொகையையும் பதிப்பித்தபோது, வெவ்வேறு இடங்களிலிருந்து கிடைத்த ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதங்களைப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த வேலையில் சரியான வாசகத்தைவிடப் பிழையான வாசகம் கூடுதலாகப் பேசும். இரண்டு ஏடுகளில் ஒரே விசித்திரமான பிழை இருந்தால், இரண்டும் ஒரே தாய் ஏட்டிலிருந்து வந்தவை என்று ஊகிக்கலாம். ஒரு வரியின் ஈற்றுச்சொல் அடுத்த வரியிலும் வந்து, இடையிலுள்ளது விடுபட்டிருந்தால், எழுதியவர் பொருளை உணர்ந்து எழுதவில்லை, கண்ணால் பார்த்துப் படியெடுத்தார் என்று தெரிந்துவிடும். கை எங்கே தடுமாறியது என்பதை வைத்துத்தான் கையின் வரலாற்றை எழுதுகிறோம்.

ஓவியத்தில் எக்ஸ்றே காட்டுவதும் இதையொத்த ஒன்றுதானா? ஓவியம் தெரிந்தவர்கள் யாராவது விளக்கினால் நன்றி உடையவனாவேன். வாசகரின் முதற் கருத்தில் எனக்கு ஒரு சிறு மாறுபாடும் உண்டு. வரைந்த கையை அவர் மிக எளிதாக விட்டுவிட்டார் என்று படுகிறது. நூதனசாலை ஊழியர்களே ஏமாறும் வகையில் டியூரரைப் படியெடுக்கக்கூடிய ஒருவர் இந்தக் கதையில் இருந்தே ஆகவேண்டும். அவர் எங்கே?


மருதனார்மடத்துத் தூரிகை எழுதியது:

ஐயா, நான் ஓவியம் கற்பிப்பவள். உங்கள் கேள்விக்கு என்னால் இயன்ற விளக்கத்தைத் தருகிறேன்.

ரொன்ட்கன் 1895 இல் எக்ஸ்கதிரைக் கண்டுபிடித்தார். மறு ஆண்டிலேயே ஜேர்மனியில் அதை ஓவியத்தின் மீது செலுத்திப் பார்த்துவிட்டார்கள். எலும்பு கதிரைத் தடுப்பதால் எக்ஸ்றேயில் வெள்ளையாகத் தெரிகிறது. பழைய ஐரோப்பிய ஓவியர்கள் பயன்படுத்திய ஈய வெள்ளை என்னும் வர்ணமும் அவ்வாறே கதிரைத் தடுக்கும், ஏனெனில் ஈயம் அடர்த்தி மிகுந்த உலோகம். முகத்துக்கும் துணி மடிப்புக்கும் ஒளி கொடுக்க அவர்கள் ஈய வெள்ளையைத்தான் கலந்தார்கள். எனவே, மேற்பரப்பில் எமக்குத் தெரியாத அடிப்படைத் தூரிகை வீச்சு எக்ஸ்றேயில் தெரிகிறது. சீலையின் நெசவு, அதை இழுத்து ஆணியடித்த இடங்கள், பின்னர் ஒட்டிய துண்டுகள் ஆகியவையும் தெரியக்கூடும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது மனமாற்றத்தின் தடம். அசலை வரைபவருக்கு முடிவு என்னவென்று முழுமையாகத் தெரியாது. கையை ஓரிடத்தில் வைத்துப் பார்ப்பார், சரிவரவில்லை என்று சற்று நகர்த்துவார், தொப்பியொன்றை வரைந்து பின் மூடிவிடுவார். பிரதி செய்பவருக்கு இந்தக் குழப்பம் எதுவும் இல்லை. முடிந்த ஓவியம் கண்முன்னே இருப்பதால் நேராக முடிவுக்கே போய்விடுவார். ஆகவே, பிரதியின் அடிப்பகுதி பெரும்பாலும் மேற்பகுதியைப் போலவே திருத்தமாக இருக்கும். நீங்கள் ஏட்டில் பிழையைப் பார்க்கிறீர்கள். நாங்கள் ஓவியத்தில் திருத்தத்தைப் பார்க்கிறோம். ஏட்டில் பிழை படியெடுத்தவரைக் காட்டிக்கொடுக்கிறது, ஓவியத்தில் திருத்தம் இல்லாமை அவரைக் காட்டிக்கொடுக்கிறது.

படம் ஓரிடத்தில் விடயத்தை மிகவும் சுருக்கிவிடுகிறது. எக்ஸ்றேத் தகட்டைத் தூக்கிப் பிடித்தவுடன் உண்மை வெளிவந்துவிடுவதில்லை. அதை வாசிக்க வேண்டும், அதே ஓவியரின் வேறு படைப்புகளின் எக்ஸ்றேகளோடு ஒப்பிட வேண்டும். ஓவியரே தம் ஓவியத்தை இரண்டாவது முறை வரைந்தால் அங்கேயும் பெரும்பாலும் திருத்தங்கள் இராது; அதற்காக அது போலியாகிவிடாது. எதிர்த்திசையிலும் ஒரு வியப்பான உண்மை உண்டு. 1976 இல் அம்பலமான ரொம் கீற்றிங் என்ற ஆங்கிலேயர், தாம் செய்த போலிகளில் சிலவற்றின் அடியில் ஈய வெள்ளையால் சொற்களை எழுதி வைத்துவிட்டு அதன் மேல் வரைந்தார். என்றோ ஒருநாள் எவராவது எக்ஸ்றே எடுத்தால் அவை தெரிய வேண்டும் என்பதே நோக்கம்.

டியூரரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். படம் குறிப்பிடும் பொருளில் அவர் 1504 இல் வரைந்த ஓவியம், நெடுங்காலமாகப் புளோரன்ஸ் நகரின் உஃபிற்சி நூதனசாலையில் இருக்கிறது. பலகையில் வரையப்பட்டது. படத்தில் இங்கிலாந்துக்குத் திரும்பவிருக்கும் ஓவியத்தைக் கற்பனை என்றே கொள்ள வேண்டும். தம் பெயரின் முதலெழுத்துகளை ஒரு முத்திரை போல அமைத்துப் படைப்புகளில் இட்டவர் டியூரர். அந்த முத்திரையோடு தம் மரச்செதுக்குப் படங்களை வெனிஸ் நகரில் மார்க்கன்டோனியோ ரைமொண்டி படியெடுத்து விற்றதை எதிர்த்து அவர் முறையிட்டார் என்று, ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி எழுதியிருக்கிறார். கதாசிரியர்கள் தெரிந்து தேர்ந்தார்களோ இல்லையோ, போலியைப் பற்றிய படத்துக்கு டியூரரை விடப் பொருத்தமான பெயர் அமைந்திராது.

ஆயினும் இந்தப் படத்தின் மீது எனக்கு ஒரு கடுமையான மனத்தாங்கல் உண்டு. தொடக்க விரிவுரையில் ஸ்டீல் நவீன ஓவியத்தைக் காட்டி மண்டபத்தைச் சிரிக்க வைக்கிறார். கெயின்ஸ்பறோ மக்களுக்குரியவர், நவீன ஓவியம் மேட்டுக்குடியினரின் பாசாங்கு என்பது அந்தக் காட்சியின் உட்பொருள். யாழ்ப்பாணத்தில் அதே சிரிப்பைத் தாங்கிக்கொண்டு தொழிற்பட்டவர்கள் எங்கள் நவீன ஓவியர்கள். ஓவியர் மாற்குவின் கோடுகளைப் பார்த்து “இது என்ன முகம்?” என்று கேட்ட பார்வையாளர்களும் மக்கள்தாம். ஸ்டீலின் கைதட்டலில் என்னால் சேர முடியவில்லை.


சுண்டுக்குளி வாசகர் எழுதியது:

அக்கா, விளக்கத்துக்கு நன்றி. விரிவுரைக் காட்சியின் மீது நீங்கள் வைத்த குற்றச்சாட்டு நியாயமானது. அதைத் தணித்துச் சொல்ல நான் முயலப் போவதில்லை. ஆனால் படம் அந்தக் காட்சியோடு நின்றுவிடவில்லை. லோவெல் தன் செயலுக்குச் சொல்லும் காரணத்தைப் பாருங்கள். அவன் பணத்துக்காகத் திருடவில்லை. நூதனசாலைக்கு வரும் கூட்டத்துக்கு இந்த ஓவியங்களை மதிக்கத் தெரியாது, மதிக்கத் தெரிந்த தன்னிடமே அவை இருக்க வேண்டும் என்பதே அவனுடைய வாதம். ஸ்டீலுக்கு ரசனை குறைவாக இருக்கலாம். ஆனால், ஓவியத்தின் முன்னால் நிற்கும் உரிமையை எவரிடமிருந்தும் அவர் பறிக்கவில்லை. லோவெலுக்கு ரசனை இருக்கிறது, அதை வைத்துத்தான் களவை நியாயப்படுத்துகிறான். ரே கொலின்ஸ் அந்த வசனங்களை எந்த ஆரவாரமும் இல்லாமல், நோயாளிக்கு ஆலோசனை சொல்லும் குரலிலேயே பேசுவதுதான் என்னை அதிகம் அச்சுறுத்தியது.


கொக்குவில் வைத்தியர் எழுதியது:

நினைவைப் பற்றி மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். நடக்காத விபத்தை நினைவில் பதிப்பதற்காக ஸ்டீலுக்கு மருந்து ஏற்றுகிறார்களே, அந்த மருந்து முறை அந்தக் காலத்தில் உண்மையாகவே வழக்கில் இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது வட ஆபிரிக்காவில் கிறிங்கர், ஸ்பீகல் என்ற இரண்டு அமெரிக்க வைத்தியர்கள், போரில் மனமுடைந்த சிப்பாய்களுக்குப் பென்ரதோல் மருந்தைக் கொடுத்து அரைத்தூக்க நிலையில் பேசவைத்தார்கள். அடக்கி வைத்த அனுபவத்தை வெளிக்கொணர்ந்து ஆற்றுவது நோக்கம். படம் அதே முறையைத் தலைகீழாக்கி, நடக்காத ஒன்றை உள்ளே வைப்பதற்குப் பயன்படுத்துகிறது. மயக்க நிலையில் மனிதர் பிறர் சொல்வதற்கு இணங்குவது உண்மை. ஆனால், ஒரு முழு விபத்தை அதன் ஒலி, ஒளியோடு ஒரே அமர்வில் பதித்துவிடலாம் என்பது கதைக்காகச் செய்த மிகை.

கலையளவில் அது பொருத்தமானது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தப் படத்தில் போலி செய்யப்படுபவை இரண்டு. ஒன்று ஓவியம், மற்றது சாட்சியின் நினைவு. ஓவியம் போலி என்று சொல்லக்கூடிய மனிதரைக் கொல்வதைவிட, அவருடைய சொல்லைச் செல்லாக்காசாக்குவது லோவெலுக்கு இலாபம்.


குருநகர் கரை எழுதியது:

இந்த இழையை ஆர்வத்தோடு வாசித்து வந்தேன்; ஓரிடத்தில் மறுப்புத் தெரிவிக்க வேண்டியிருக்கிறது. முதற் பதிவில் வாசகர், எங்கள் ஊரில் எரிந்தவற்றையும் தொலைந்தவற்றையும் படத்தோடு சேர்த்துப் பேசியிருந்தார். எங்கள் அழிவுகளில் தந்திரம் எதுவும் இருக்கவில்லை. 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் அவற்றோடு ஏடுகளும் சாம்பலாயின. அங்கே அசலை எடுத்துக்கொண்டு பிரதியை எரித்தவர் எவரும் இல்லை. எரிந்தவை அசல்களே. லோவெல் ஓவியத்தை நேசித்தான், அதனால் திருடினான். நூலகத்தை எரித்தவர்களுக்கு அங்கிருந்தவற்றின் மீது நேசம் இருந்ததாகச் சொல்ல எந்த வழியும் இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால், எங்களுக்கு நேர்ந்தது ஒரு மர்மக்கதையாகச் சிறுத்துவிடும்.

மாற்கு மாஸ்ரரின் விடயமும் அவ்வாறே. 1933 இல் எங்கள் குருநகரில் பிறந்து 2000 ஆம் ஆண்டு மறைந்தவர். இடப்பெயர்வுகளில் அவருடைய படைப்புகள் பல போய்விட்டன. 1995 ஒக்ரோபரில் ஊர் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, ஓவியத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கக்கூடியவர் யார்? அதைத் திட்டமிட்ட களவோடு ஒப்பிடுவதை என் மனம் ஏற்கவில்லை.


சுண்டுக்குளி வாசகர் எழுதியது:

நீங்கள் சொல்வதை முழு மனதோடு ஏற்கிறேன். நூலக எரிப்பையும் லோவெலின் களவையும் ஒன்றென்று சொல்வது என் எண்ணமாக இருக்கவில்லை, இனியும் இராது. நான் சுட்டியது, அழிவுக்குப் பின்னால் வரும் கட்டத்தை. எது எரிந்தது, எது எஞ்சியது, எது எவர் கைக்குப் போனது என்று கணக்கெடுக்க வேண்டிய நேரத்தில், “எல்லாம் போய்விட்டது” என்ற சொல் எமக்குப் போதுமானதாகிவிடுகிறது. துயரம் அதைச் சொல்ல வைக்கிறது. அதில் பழி சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அந்தச் சொல்லின் நிழலில், எஞ்சியவையும் கணக்கில் வராமற் போகின்றன. மாற்குவின் ஓவியங்கள் பல அழிந்தது உண்மை என்பதைப் போலவே, சில ஓவியங்கள் வீடுகளில் இருக்கின்றன என்பதும் உண்மை. எவரெவரிடம் எவை இருக்கின்றன என்ற முழுமையான பட்டியல் இல்லாத வரை, நாளைக்கு ஒருவர் அவருடைய பெயரில் புதிதாக ஒன்றை வரைந்து கொண்டுவந்தால் எதை வைத்து மறுப்போம்?


கோட்டை வாசல் எழுதியது:

வரைந்த கை எங்கே என்ற ஏட்டுக்கட்டு ஐயாவின் கேள்வி இன்னும் நிற்கிறது. படம் வெளிவந்த அதே காலத்தில் ஒல்லாந்தில் அந்தக் கை வெளிச்சத்துக்கு வந்திருந்தது. ஹான் வான் மேகெரென் 1945 மே மாதம் கைது செய்யப்பட்டார். 17 ஆம் நூற்றாண்டின் ஒல்லாந்து ஓவியர் வெர்மேயரின் ஓவியம் ஒன்றை நாசித் தலைவர் கோரிங் கைக்குப் போகும்படி விற்றார் என்பது குற்றச்சாட்டு. நாட்டின் பொக்கிஷத்தை எதிரிக்கு விற்பது துரோகம். அதிலிருந்து தப்ப அவருக்கு ஒரே வழிதான் இருந்தது: அதை வரைந்தது நானே என்று ஒப்புக்கொள்வது. நம்பாதவர்களுக்காகக் காவலில் இருந்தபடியே இன்னொன்றை வரைந்தும் காட்டினார்.

அவருடைய வழிமுறை அறியத்தக்கது. 17 ஆம் நூற்றாண்டின் சீலைகளைத் தேடி வாங்கி, மேலிருந்த வர்ணத்தைச் சுரண்டி நீக்கினார். எண்ணெய் வர்ணம் முற்றாக இறுகப் பல தசாப்தங்கள் எடுக்கும். அற்ககோல் தொட்டால் புதிய வர்ணம் கரையும். அதனால் பேக்கலைற் வகைப் பிசினைக் கலந்து, ஓவியத்தை அடுப்பில் சுட்டு இறுக்கினார். பின்னர் சீலையை உருளையில் சுற்றி வெடிப்புகளை உண்டாக்கி, அவற்றுள் மை செலுத்தினார். 1937 இல் வெர்மேயர் ஆய்வில் முதன்மையானவராகக் கருதப்பட்ட பிரேடியுஸ், ‘எம்மாவுஸ் இராவுணவு’ என்ற போலியைத் தலைசிறந்த வெர்மேயர் என்று புகழ்ந்து எழுதினார். ரொட்டர்டாம் நூதனசாலை அதைப் பெரும் பணம் கொடுத்து வாங்கியது.

போருக்குப் பின் பெல்ஜிய விஞ்ஞானி கோரெமான்ஸ் தலைமையிலான குழு ஆராய்ந்தபோது, எக்ஸ்றே அவருடைய வேறொரு போலியில் ஒன்றைக் கண்டுபிடித்தது. கிறிஸ்துவின் இராவுணவுக் காட்சிக்கு அடியில், ஹொண்டியுஸ் என்ற பழைய ஓவியரின் வேட்டைக் காட்சி கிடந்தது. சுரண்ட விட்ட வர்ணம் சாட்சி சொன்னது. 1947 நவம்பரில் ஓராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது; அதை அனுபவிக்குமுன், டிசம்பர் 30 ஆம் திகதி அவர் இறந்துவிட்டார்.

வான் மேகெரென் தம் திறமை புறக்கணிக்கப்பட்டதாக எண்ணி, விமர்சகர்களைப் பழிவாங்க விரும்பியவர். அவரைப் போன்ற ஒருவர் கதைக்குள் வந்திருந்தால், படம் முழுவதையும் அவரே எடுத்துக்கொண்டிருப்பார்; பார்வையாளர் திறமையை வியந்து குற்றத்தை மறந்துவிடுவார். ‘கிராக்-அப்’ அதைத் தவிர்த்து, நிர்வாகக் கதிரைகளில் இருப்பவர்கள் மீது எம் கண்ணை வைத்திருப்பது சரியான முடிவு என்று எனக்குப் படுகிறது.


ஏட்டுக்கட்டு எழுதியது:

ஏற்கிறேன். ஒன்றை மட்டும் கேட்டுவிடுகிறேன். அத்தனை நல்ல பிரதி கையில் இருந்தால், அதை இங்கிலாந்துக்கே திருப்பி அனுப்பிவிட்டு லோவெல் நிம்மதியாக இருந்திருக்கலாமே? எரிக்க வேண்டிய தேவை என்ன?


றீகல் தலைமுறை எழுதியது:

ஐயா, ஓவியம் இரவல் வந்தது. வந்த இடத்தில் அதை நாள்தோறும் பார்த்துப் பழகிய கண்கள் இருக்கும். திரும்பிப் போனதும் பின்பக்கம், சட்டம், பழைய கீறல் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நியூயோர்க்கில் சில மாதங்கள் பார்ப்பவர்களை ஏமாற்றினால் போதும், அதற்குமேல் அந்தப் பிரதி தாக்குப்பிடிக்காது என்பது லோவெலுக்குத் தெரியும். ஹேர்பேட் மார்ஷல் நடிக்கும் டிரேபின் என்ற ஆங்கிலேயர், இறுதியில் ஸ்கொட்லன்ட் யார்டைச் சேர்ந்தவர் என்று தெரிய வருவதும் இதனால்தான் இயல்பாக இருக்கிறது. முதல் ஓவியம் அழிந்ததுமே அங்கே சந்தேகம் பிறந்துவிட்டது.


மருதனார்மடத்துத் தூரிகை எழுதியது:

றீகல் ஐயா சொன்ன “பின்பக்கம், சட்டம், பழைய கீறல்” என்பதிலிருந்து, வாசகர் கேட்ட கேள்விக்கு என் பதிலைத் தொடங்குகிறேன். நாவலர் வீதியிலுள்ள எங்கள் தொல்பொருள் நூதனசாலையில், விக்டோரியா மகாராணியின் சேதமடைந்த பெரிய ஓவியம் ஒன்று இருக்கிறது. என் மாணவர்களை அதன் முன் நிறுத்தி, முகத்தைப் பார்க்க வேண்டாம், சேதத்தைப் பாருங்கள் என்று சொல்வேன். சேதத்தை எவராலும் முழுமையாகப் படியெடுக்க முடியாது. ஓர் ஓவியத்தின் அடையாளம் அதன் அழகில் இருப்பதைவிட அதன் காயங்களில் உறுதியாக இருக்கிறது.

எக்ஸ்றே எடுக்கும் வசதி எங்களில் எவருக்கும் கையெட்டும் தூரத்தில் இல்லை. ஆனால், மாற்கு மாஸ்ரரின் ஓவியமோ வேறு எவருடைய ஓவியமோ வீட்டில் வைத்திருப்பவர்கள் கைத்தொலைபேசி ஒன்றைக் கொண்டே செய்யக்கூடியவை உண்டு. முன்பக்கத்தை நேரான பகல் வெளிச்சத்தில் ஒரு படம். பின்பக்கத்தை, அங்கே எழுதியிருப்பவை வாசிக்கக்கூடியதாக, இன்னொரு படம். அறையை இருட்டாக்கி, மின்சூளை ஓவியத்துக்குப் பக்கவாட்டில் தாழப் பிடித்து எடுத்தால், வர்ணத்தின் மேடுபள்ளமும் வெடிப்பும் தெரியும். பிரதி செய்பவரால் ஒருபோதும் திருப்பிச் செய்ய முடியாத பதிவு அதுதான். நீள அகலத்தைச் சென்ரிமீற்றரில் குறித்து, அந்த ஓவியம் எவ்வாறு உங்கள் வீட்டுக்கு வந்தது என்பதை வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் கேட்டு எழுதிவையுங்கள். தாளிலோ அட்டையிலோ வரைந்த ஓவியமாயின், சட்டத்திலிருந்து நீங்களே கழற்ற வேண்டாம். ஒட்டியிருந்தால் வர்ணம் உரிந்துவிடும். இருப்பவர்கள் எனக்குத் தனிமடலில் எழுதினால், படம் எடுக்க நானும் என் மாணவர்களும் நேரில் வருகிறோம்.


குருநகர் கரை எழுதியது:

அக்கா, எங்கள் உறவினர் வீட்டில் மாற்கு மாஸ்ரரின் கோட்டோவியங்கள் சில இருக்கின்றன. அவர்களிடம் கேட்டு, சம்மதம் கிடைத்ததும் தனிமடலில் எழுதுகிறேன். சட்டத்தைத் தொட வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுகிறேன்.